கீச்சிடாத கம்பி

எறும்பு ஊர்ந்தாலும் இசையமைப்பாளர் நாதகேசரி தில்லைநாயகத்தின் காதில் விழுமாம். வேறு யாரும் சொல்லவில்லை, அவரேதான் தினமும் இரண்டு தடவை சொல்லிக்கொள்வார்.

கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசித்துவந்த பிலோமினாவுக்கு அன்றுதான் முதல் சினிமாப் பாட்டு. ஒலிப்பதிவு அறையில் அவள் வாசிக்க, எதிரே சுழல் நாற்காலியில் ஆடி ஆடிக் கேட்ட நாதகேசரி கத்தினார்.

"கீச்சு கீச்சுங்குது! விரல் கம்பியில உரசுது. கம்பிய மாத்தும்மா!"

அவள் ஃபிளாட்வவுண்ட் கம்பி மாட்டினாள். மேலே தட்டை நாடா சுற்றிய வழவழப்பான கம்பி அது. விரலை எப்படி இழுத்தாலும் சத்தம் வராது. ஆனாலும் கீச்சு கேட்கிறது என்றார். இன்னொரு செட் மாற்றினாள். அதுவும் கீச்சாம்.

"இன்னொரு தடவை கேட்டுச்சுன்னா நாளைக்கு வேற ஆளு!"

பிலோமினா அவரையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கம்பி மாற்றுவதுபோல் திரும்பிக் குனிந்து நிமிர்ந்தாள்.

"சார், இது ரொம்ப உசந்த கம்பி. பெரிய காதுக்காரங்க இதை நின்னுதான் கேப்பாங்க."

நாதகேசரி விறைப்பாக எழுந்து நின்றார். பாட்டு முடியும்வரை ஒரு கீச்சும் இல்லை.

"இதுதான்யா கம்பி! நான் அப்பவே சொல்லல?" என்று அறை முழுக்கக் கேட்க முழங்கிவிட்டு, பெருமையாக நாற்காலியில் சாய்ந்தார்.

கீச்!

"இந்தத் தடவை கம்பிய நான் மாத்தவே இல்ல சார்" என்றாள் பிலோமினா. "உங்க எறும்பு நாற்காலிக்கு அடியிலதான் ஊருது. ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க."