தலைப்பு பறந்து வந்த கல்யாணப் படம்

கோவில்பட்டியில் ஒரு கல்யாண வீடியோ கடையில் பவுன்ராஜ், தவசி, உலகநாதன் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். பவுன்ராஜ் லைட் பிடிப்பான். தவசி வயர் சுருட்டுவான். உலகநாதன் அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வான். மூவரும் சோம்பேறிகள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கஷ்டமெல்லாம் அதில்தான் இருந்தது.

அந்த ஆவணியில், கடையில் எடிட்டிங் பார்த்தவர் திருப்பூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். முதலாளி மாணிக்கவாசகத்துக்கோ அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைக்கு நடுவே படுத்தபடி போன் போட்டார்.

"ஏலே உலகநாதா, செண்பகவடிவு கல்யாணப் படம் அப்படியே கிடக்கு. மாப்பிள்ளை கப்பல்ல வேலை பாக்கிறவரு. வெள்ளிக்கிழமை கிளம்பினா ஒன்பது மாசம் கழிச்சுத்தான் வருவாரு. வியாழன் சாயங்காலம் மண்டபத்துல விருந்து வச்சுப் படத்தைப் போடுறாங்க. கம்ப்யூட்டர்ல எடிட்டிங் பாடம் ஒண்ணு இருக்கு. அந்த வாத்தியார் சொல்றபடி செய்யுங்க."

"சொல்றபடியேவா முதலாளி?"

"ஒரு எழுத்து பிசகக் கூடாது."

பாவம், காய்ச்சலில் சொல்லிவிட்டார்.

பாடத்தைப் போட்டார்கள். திரையில் வாத்தியார் வந்து, "வணக்கம் நண்பர்களே" என்றார். மூவரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். "நான் செய்றதை அப்படியே நீங்களும் செய்ங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து இருமினார். மூவரும் தண்ணீர் குடித்து இருமினார்கள். தவசியின் இருமல் சரியாக இல்லை என்று உலகநாதன் அவனை மட்டும் மறுபடி இருமச் சொன்னான்.

"பாடம் பிடிச்சிருந்தா மணியை அமுக்குங்க" என்றார் வாத்தியார்.

"பிடிச்சிருக்காலே?" என்றான் உலகநாதன்.

"இருமல் வரைக்கும் பிடிச்சிருக்கு" என்றான் பவுன்ராஜ்.

கடையில் மணி இல்லை. எதிரே பல் டாக்டர் வீட்டில் இருந்தது. மூவரும் ரோட்டைத் தாண்டிப் போய் ஆளுக்கொரு தடவை அமுக்கினார்கள். டாக்டர் சம்சாரம் கதவைத் திறந்து, "யாருக்குப் பல் வலி?" என்றாள்.

"யாருக்கும் இல்லக்கா. பாடம் பிடிச்சிருக்கு."

"சந்தோஷம்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒரு காட்சி போய் அடுத்த காட்சி வர்றதுக்குப் பேருதான் டிரான்சிஷன்" என்றார் வாத்தியார். "ரொம்ப ஈசி. பழைய காட்சியைத் துடைச்சு விட்டா, புதுக் காட்சி தெரியும்."

கல்யாணப் படத்தைத் திரையில் திறந்து வைத்து, பவுன்ராஜ் துணியை நனைத்து வந்து துடைத்தான். தாலி கட்டும் காட்சி அப்படியே நின்றது.

"போகவே மாட்டேங்குதுடா."

"தாலி கட்டுனது அவ்வளவு லேசுல போயிருமா? அழுத்தித் துடை."

பவுன்ராஜ் காலை ஊன்றி அழுத்தினான். கால் பட்டு மேசைக்கு அடியில் பிளக் கழன்றது. திரை இருண்டது.

"போயிருச்சு!" என்று மூவரும் குதித்தார்கள். புதுக் காட்சிக்காக இருபது நிமிஷம் காத்திருந்தார்கள்.

"ஏன் இன்னும் வரலை?"

"தாலி கட்டியாச்சுல்ல, பந்திக்குப் போயிருப்பாங்க. சாப்பிட்டுத்தான் வருவாங்க" என்றான் தவசி.

நியாயமாகப் பட்டது. மூவரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து, வயரைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத தவசி பிளக்கைச் செருகினான். கல்யாணக் கூட்டமும் திரும்பி வந்தது.

அடுத்து எஃபெக்டுகள். அவற்றை இழுத்து இரண்டு காட்சிக்கு நடுவில் போட மட்டும் மூவருக்கும் எப்படியோ வந்துவிட்டது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு எஃபெக்டு இருந்தது. ஒன்றைப் போட்டு இன்னொன்றை விட்டால் பாரபட்சம் ஆகிவிடும் என்று எல்லாவற்றையும் போட்டார்கள்.

"இந்த வெடிச்சுச் சிதறுறதை யாருக்குப் போடலாம்?"

"பொண்ணோட அப்பாவுக்கு. எல்லாக் காட்சியிலும் வெடிக்கப் போற மாதிரியே நிக்கிறாரு."

"பிடிக்கலைன்னா ரெண்டு ஸ்டெப் பின்னாடி போங்க" என்றார் வாத்தியார். பவுன்ராஜுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவன் டீக்கடை வாசல் வரை போய்விட்டான்.

கடைசிப் பாடம் வந்தது. "தலைப்புதான் முக்கியம். தலைப்பு மேலேருந்து பறந்து வந்து, மணமக்கள் மேல அழகா விழுந்து நிக்கணும்."

"தலைப்புன்னா சேலைத் தலைப்புதான?" என்றான் தவசி.

"பின்னே வேட்டிக்கா தலைப்பு இருக்கு?" என்றான் உலகநாதன்.

காமிராவை எடுத்துக்கொண்டு செண்பகவடிவு வீட்டுக்குப் போனார்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கல்யாணமாகிப் பத்து நாளில் அவளும் மாப்பிள்ளை கோமதிராஜும் தனியாகப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவள் முகம் வாடியிருந்தது. உலகநாதன் அவளிடம் கூறைப்பட்டைக் கேட்டான்.

"கூறைப்பட்டு எதுக்குண்ணே?"

"தலைப்பு விழணும்மா. வாத்தியார் சொல்லிட்டாரு."

எந்த வாத்தியார் என்று அவள் கேட்கவில்லை. சேலையை எடுத்துக் கொடுத்தாள். பவுன்ராஜ் மொட்டை மாடியில் ஏறினான். மணமக்களை முற்றத்தில் நிறுத்திவிட்டு, தவசி காமிராவோடு எதிரே நின்றான். முதல் தடவை சேலை முருங்கை மரத்தில் விழுந்தது. இரண்டாம் தடவை பெண்ணின் அப்பா மேல் விழுந்தது. மூன்றாம் தடவை பறந்து வந்து மணமக்கள் இருவரையும் முழுசாக மூடிக்கொண்டது.

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு இரண்டு சிரிப்புச் சத்தம்.

"போதுமாண்ணே?" என்று சேலைக்குள்ளிருந்து கேட்டாள் செண்பகவடிவு.

"தலைப்பு நிக்கணும்னு சொன்னாரும்மா. எவ்வளவு நேரம்னு சொல்லலை."

"அப்ப நிக்கட்டும்" என்றது மாப்பிள்ளையின் குரல்.

கால் மணி நேரம் நின்றது. வேலை நடக்கிறதே என்று சொந்தக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை. உள்ளே இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

வியாழக்கிழமை மண்டபத்துக்குக் கிளம்பும்போது முதலாளி போன் போட்டார். "கடைசியில வேலை செஞ்சவங்க பேரெல்லாம் கீழேருந்து மெதுவா மேல போய் மறையணும்லே. போட்டாச்சா?"

"மண்டபத்துலயே பண்ணிருதோம் முதலாளி."

படம் ஓடியது. ஐயர் பாய் மாதிரி சுருண்டு போனார். நாத்தனார்மார் புத்தகப் பக்கம் மாதிரி புரண்டார்கள். பெண்ணின் அப்பா வெடித்துச் சிதறினார். "இன்னொரு தடவை தாத்தாவை வெடிங்க!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

அவர் எழுந்தார். "நான் எத்தனை தடவைய்யா வெடிக்கிறது?"

"ஒன்பது தடவைங்க. இன்னும் நாலு பாக்கி இருக்கு. உக்காருங்க" என்றான் உலகநாதன்.

பிறகு சேலை பறந்து வந்தது. உள்ளேயிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டதும் செண்பகவடிவு முகத்தை மூடிக்கொண்டாள். "கப்பல்ல இந்த இடத்தை மட்டும் தினமும் போட்டுப் பாப்பேன்" என்றான் கோமதிராஜ் மெதுவாக.

படம் முடிந்தது. சனம் எழுந்திருக்கும் நேரத்தில், திரைக்கு முன்னால் ஒரு ஏணி வந்து நின்றது. நெஞ்சில் ஆளுக்கொரு பெயர் அட்டையைக் கட்டிக்கொண்டு மூவரும் மெதுவாக ஏறினார்கள். முதலாளி வர முடியாததால் அவர் பெயரை உலகநாதன் முதுகில் கட்டியிருந்தான். உச்சிக்குப் போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப மறையணும்."

"எப்படிலே மறையறது?"

யோசித்து, மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

"தவசி, நான் தெரியுதேனா?"

"இல்ல. எனக்கு ஒருத்தரையும் தெரியல."

"அப்ப மறைஞ்சாச்சு."

மண்டபம் சிரித்து ஓய்ந்து பந்திக்குப் போனது. செண்பகவடிவு மட்டும் ஏணியடியில் வந்து நின்றாள். "அண்ணே, இலை போட்டாச்சு. மூணு பேரும் இறங்கி வாங்க."

உலகநாதன் கண்ணைத் திறக்காமல் மற்ற இருவரிடமும் கிசுகிசுத்தான்.

"பதில் பேசிராதீங்கலே. நாம இங்க இல்ல."