முப்பத்தொரு பூட்டு

இருபத்தாறு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்தோராவது வயதில் முதுகலைப் படிப்புக்கு வந்தவர் அமலோற்பவம். அவருடைய ஆய்வு வழிகாட்டி பர்வீனுக்கு வயது முப்பத்தாறு. மாணவி ஆசிரியரை 'மேடம்' என்பார். ஆசிரியர் மாணவியை 'சிஸ்டர்' என்பார். இதில் இருவருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அமலோற்பவம் ஆய்வேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் பர்வீன் கையெழுத்துப் போட்டால் பட்டம். தவறினால் இன்னும் ஆறு மாதம். படிப்பு விடுப்போ அந்த மாதத்தோடு முடிகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தீப்பெட்டி ஆலைக்குப் பெண்கள் வேலைக்குப் போகிற ஓர் ஊர். குலுக்கல் முறையில் எடுத்த இருநூறு வீடு. வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் கேள்வி. ஒன்பது பேருக்குத்தான் விடாத இருமல். பெரிய பாதிப்பு இல்லை என்று கடைசி அத்தியாயம் முடிந்திருந்தது.

பர்வீன் கேள்வித்தாள்களைப் புரட்டினார்.

"முப்பத்தொரு தாள்ல பென்சிலால சுழிச்சிருக்கீங்களே, என்ன சிஸ்டர்?"

"பூட்டிக் கிடந்த வீடுங்க மேடம். அதுக்குப் பதிலா பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட கேட்டு எழுதிட்டேன்."

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"பத்து, பதினொண்ணு இருக்கும். அதே தெருதான மேடம். அதே ஜனம்தான."

பர்வீன் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. கையெழுத்து வாங்கிக்கலாம்" என்றார்.

மறுநாள் பர்வீனின் அறை பூட்டியிருந்தது. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'சிஸ்டர், பக்கத்து அறையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளவும்.'

பக்கத்து அறையில் பேராசிரியர் ஞானதுரை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நானா? உங்க ஆய்வுல ஒரு வரிகூட நான் படிச்சதில்லையேம்மா."

"ஒரே துறைதான சார்."

"ஒரே துறைதான். அதுக்காக அவங்களுக்குப் பதிலா நான் போட முடியுமா?"

அமலோற்பவத்துக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் தன்னை இப்படி அலைய விடுவதா என்று வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பூட்டைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கோபம் போய் வெட்கம் வந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. சுழித்த முப்பத்தொரு தாளையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு ஆலை வேன் ஊருக்குள் வந்து பெண்களை இறக்கிவிட்டது. மறுநாள் காலை ஐந்தரைக்கு ஏற்றிக்கொண்டு போனது. பூட்டிய வீட்டுக்காரிகள் அந்த இடைவெளியில்தான் வீட்டில் இருந்தார்கள்.

விடியற்காலையில் ஒருத்தி கதவைப் பூட்டியபடியே பதில் சொன்னாள். பாதியில் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு இருமினாள்.

"இது எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்க்கா. நர்சம்மா வர்ற நேரம் நாங்க வேலையில இருப்போம்."

இருபத்தாறு வருடமும் அமலோற்பவம் தான் வேலை பார்த்த ஊர்களுக்குள் போனதும் பத்து மணிக்குத்தான். அவர் பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வேகமாக நடந்தார். வேன் கிளம்ப ஏழு நிமிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்தபோது பர்வீனின் அறை திறந்திருந்தது.

"இருபத்தெட்டு வீடு கிடைச்சுது மேடம். அதுல பத்தொன்பது பேருக்கு இருமல். கடைசி அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது சிஸ்டர்."

"தெரியும் மேடம். ஆறு மாசம் நீட்டிக்கிற படிவம் கொண்டாந்திருக்கேன். இதுல போடுங்க."

"வேலையும் பார்த்துக்கிட்டு எழுதணுமே."

"எழுதுவேன்."

பர்வீன் கையெழுத்துப் போட்டார். அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை.

"மூணு வீடு மட்டும் மிச்சம். காலையில, சாயங்காலம்னு ஆறு தடவை போயிட்டேன். பூட்டியேதான் இருக்கு. அதுக்கு என்ன எழுதட்டும்?"

"பூட்டியிருந்ததுன்னு எழுதுங்க. ஆறு தடவை போனதையும் எழுதுங்க."