கோப்பைத் துப்பாக்கி

"துணி வெள்ளையாத்தான் வருதும்மா. ஆனா சுத்தமான மாதிரியே தெரியல" என்று துப்பாக்கியையும் அதைத் துடைத்த துணியையும் நீட்டினார் ஏட்டு மூக்கையா.

ஆயுதக் கிடங்குக்குப் பொறுப்பு எஸ்.ஐ. செலின். மூக்கையாவைவிடப் பத்து வயது இளையவர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவர். அவர் துப்பாக்கியை வாங்கவில்லை. துணித் துண்டை மட்டும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வெள்ளையாத்தான் இருக்கு. அப்புறம் என்ன வேணும், ஏட்டய்யா?"

மூக்கையா கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தக் குண்டு என்னோடதா இல்லையான்னு தெரியணும்."

எட்டு மாதத்துக்கு முந்தைய கதை அது. குடிதண்ணீர் கேட்டு மறியல். கல் பறந்தது, உத்தரவு வந்தது, ஆறு துப்பாக்கிகள் ஆளுக்கொரு முறை வெடித்தன. மருதம்பட்டியிலிருந்து வந்த சந்தனமாரி என்பவள் காலிக் குடத்தோடு விழுந்தாள். குண்டு அவளைத் துளைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. யாருடைய குண்டு என்று கண்டுபிடிக்க வழியில்லை என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள்.

ஆறு பேரும் ஆளைக் குறிவைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று பேர் வானத்தைச் சுட்டார்களாம். இரண்டு பேர் தரையைச் சுட்டார்களாம். மூக்கையா தண்ணீர்த் தொட்டியின் தூணைச் சுட்டார். சந்தனமாரி அந்தத் தூணுக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள். அந்தக் காகிதங்களின்படி பார்த்தால் அவள் இன்றைக்கும் உயிரோடு இருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மற்ற ஐந்து பேர் எழுதியதைப் பற்றி நமக்குத் தெரியாது. மூக்கையா எழுதியது சத்தியம். அதுதான் அவருடைய வேதனை. மப்டியில் போய் அந்தத் தூணைத் தேடிப் பார்த்தார். குண்டு பட்ட தடம் இருந்தால் போதும், பிழைத்தோம் என்று நினைத்தார். அதற்குள் தேர்தல் வந்து, தூணைப் பூசிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

"தெரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் செலின்.

"நான் இல்லேன்னா நிம்மதியாத் தூங்குவேன்."

"நீங்கதான்னா?"

பதிலோடு வரச் சொல்லிவிட்டு செலின் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பதில் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் மூக்கையா சரியாகச் சாப்பிடவில்லை.

"நான்தான்னா, மருதம்பட்டிக்குப் போய் அவ புருஷன்கிட்ட என் வாயால சொல்லுவேன்" என்றார்.

செலின், எப்போதும் துடைக்கிற மாதிரி ஒரு தடவை துடைத்துக் காட்டச் சொன்னார்.

இதில் மூக்கையாவை அடித்துக்கொள்ள அந்த ஆயுதப்படையிலேயே ஆள் கிடையாது. வருஷாவருஷம் எஸ்.பி. வந்து துப்பாக்கிக் குழல்களுக்குள் எட்டிப் பார்ப்பார். வெள்ளைக் கைக்குட்டையை விட்டு எடுப்பார். சுத்தமான துப்பாக்கிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. ஒன்பது வருஷமாக அந்தக் கோப்பை மூக்கையாவின் பெட்டிமேல்தான் இருக்கிறது.

அந்தத் துப்பாக்கிக்கே கோப்பைத் துப்பாக்கி என்று பேராகிவிட்டது. அதைச் சுடும் பயிற்சிக்குக்கூட வெளியே எடுப்பதில்லை. சுட்டால் அழுக்காகுமே. பயிற்சிக்கு மூக்கையா வேறொரு துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போவார், நன்றாகவே சுடுவார். அதிகாரிகளும் கண்டுகொள்ளவில்லை. மறியல் அன்றைக்குத்தான், அவசரத்தில் கைக்கு வந்த கோப்பைத் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு ஓடினார்.

மூக்கையா கயிற்றை எடுத்தார். ஒரு நுனியில் எண்ணெய் தொட்ட துணியைக் கோத்து, மறுநுனியைக் குழலுக்குள் விட்டு வாய்ப்பக்கமாக வெளியே எடுத்தார். அந்த முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் சர்ரென்று இழுத்தார். இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் செய்ய அவர் கண்டுபிடித்த வழி அது. கயிறு கம்பியிலிருந்து சாய்வாக ஓடியது.

எத்தனை வருஷமாக இப்படி என்று செலின் கேட்டார். பதினெட்டு என்றார் மூக்கையா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டார். முன்பெல்லாம் ஐம்பது, பரிசு நெருங்கினால் இருநூறு என்றார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. பாவம், அதை அவரால் அடக்க முடியவில்லை.

செலின் துப்பாக்கியையும் கயிற்றையும் ஐந்து தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு சுடும் மைதானத்துக்கு நடந்தார்.

"அன்னைக்குத் தூண் எவ்வளவு தூரம்?"

அது மூக்கையாவுக்குக் கனவில்கூடத் தெரியும். தப்படி போட்டு அளந்தார். நூற்று முப்பது தப்படி.

செலின் அங்கே ஒரு பெரிய தாளை ஒட்டினார். நடுவில் கரியால் மேலிருந்து கீழாக ஒரு பட்டைக் கோடு இழுத்தார்.

"இதுதான் தூண். சுடுங்க."

மூக்கையா படுத்தார். மூச்சைப் பிடித்தார். நிதானமாக ஐந்தையும் சுட்டார். தூணைத்தான் சுட்டோம் என்பதற்கு எட்டு மாதம் கழித்து ஒரு சாட்சி கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

இருவரும் தாளிடம் போனார்கள்.

கரிக்கோட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஐந்து ஓட்டைகளும் இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி, ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி நெருக்கமாக விழுந்திருந்தன.

மூக்கையா தன் முழங்கையை மடக்கி அளந்து பார்த்தார். மறுபடியும் அளந்தார்.

"குறிபார்க்கிற முள்ளு கோணியிருக்கும்மா."

"இல்ல. காலைல நானே பார்த்தேன்."

"அப்ப என் கை."

"உங்க கை சரியா இருக்கு. அஞ்சும் ஒரே இடத்துல விழுந்திருக்கு."

செலின் துப்பாக்கியைத் திறந்து காலி என்று பார்த்துக்கொண்டார். மூக்கையாவின் சுண்டுவிரலைப் பிடித்துக் குழல் வாயின் விளிம்பில் வைத்தார்.

விரல் வட்டமாகச் சுற்றி வந்தது. ஒரு இடத்தில் நகம் மாட்டியது.

மூக்கையா குனிந்து பார்த்தார். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் ஒரு வாய்க்கால் போலப் பள்ளம் விழுந்திருந்தது. கிணற்றுச் சுவரில் கயிறு அறுத்த தடம் போல வழவழவென்று இருந்தது. செலின் துடைக்கும் கயிற்றை எடுத்து அதில் வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல அது உள்ளே உட்கார்ந்துகொண்டது.

"வாய் ஒரு பக்கம் தேஞ்சா குண்டு ஒரு பக்கமா விலகும்" என்றார் செலின்.

குழலிலிருந்து வெடிமருந்து நாற்றம் வந்தது. சுட்ட துப்பாக்கியைத் துடைக்காமல் விட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர். மூக்கையாவின் வலது கை தானாகப் பையைத் துழாவி ஒரு வெள்ளைத் துணித் துண்டை எடுத்தது. இடது கை கயிற்றுக்காக நீண்டது.

செலின் கயிற்றைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மருதம்பட்டிக்குப் பதினொண்ணே காலுக்கு ஒரு பஸ் இருக்கு, ஏட்டய்யா."