தேங்காய் அளவு ஒளிக்கல்

கருங்குன்றத்து ராஜா வீரகேதுவுக்கு மண்டை முழுக்க வழுக்கை. அதை மறைக்க ஒரு கிரீடம். கிரீடத்தின் நடுவே இருட்டிலும் ஜொலிக்கிற ஒளிக்கல். கல் அவர் நாட்டுச் சுரங்கத்தில் கிடைத்ததுதான். அதைத் தோண்டுகிறவர்களுக்குக் கை வெந்து புண்ணாகும், மயிர் கொட்டும். ராஜாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

ஒருநாள் இசக்கி என்பவள் காவலைத் தாண்டிச் சபைக்குள் புகுந்துவிட்டாள்.

"மகாராசா! எம் புருசன் சுரங்கத்துல கல்லு எடுக்கான். ரெண்டு கையும் அழுகுது. வரலைன்னா சவுக்கால அடிக்காங்க. இனியும் போனா செத்துருவான்யா!"

ராஜா காப்பு மன்றத்தைப் பார்த்தார். எவ்வளவு கல் உடம்புக்கு ஆபத்து என்று தீர்மானிக்கிற மன்றம் அது. மூன்றே பேர். சுரங்கக் குத்தகைக்காரர் தனபாலர், அவர் மச்சினர் அரண்மனை வைத்தியர், அவர் சம்பந்தி கல் வியாபாரி. வேலிக்கு ஓணான் சாட்சி!

"தேங்காய் அளவு கல்லை நாளெல்லாம் சுமந்தாலும் ஒன்றும் ஆகாது பிரபு. ரத்தம் சுத்தமாகும்" என்றார் வைத்தியர்.

"பின்ன கை ஏன்யா அழுகுது?"

"கை கழுவாததால்."

ராஜா உதட்டைப் பிதுக்கினார். "மன்றம் வைத்த அளவை மன்றமேதான் மாற்றணும். தாத்தா போட்ட சட்டம். நான் என்னம்மா செய்ய?"

இசக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரசவை விகடன் மருதப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எழுந்தான்.

"பிரபு, இவ்வளவு பெரிய ஆராய்ச்சி பண்ணியவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆளுக்கொரு தேங்காய் அளவு ஒளிக்கல்லைப் பதக்கமாகக் கழுத்தில் போடுங்கள்."

"பேஷ்! கொண்டு வா!" என்றார் ராஜா.

அந்த நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. ராஜா அணிவித்ததை ராஜா சொல்லாமல் கழற்றக்கூடாது. தூக்கத்தில்கூட. நீள இடுக்கியில் பிடித்தபடி கற்கள் வந்தன.

தனபாலருக்கு வேர்த்தது. "பிரபு, இந்த ஏழைக்குத் தேங்காய் அதிகம். எலுமிச்சை அளவு போதும்."

"எலுமிச்சையா? புத்தி கெட்டுப்போச்சா அத்தான்? பாக்களவு!" என்று வைத்தியர் பதறினார்.

"எனக்குக் கடுகு!" என்று வியாபாரி நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தார்.

மருதப்பன் கல்லோடு இடுக்கியை வாங்கி வைத்தியரிடம் நீட்டினான். "கடுகளவு ஒத்துக்குமா வைத்தியரே?"

"கடுகும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! பக்கத்தில் வந்தாலே எலும்புவரை ஏறும் சனியன்! எடுடா அப்பால!"

"மூன்று பேருக்கும் இதே கருத்துதானே?"

"ஆமாம்! ஆமாம்!"

மருதப்பன் ராஜாவை வணங்கினான். "பிரபு, மன்றம் அளவை மாற்றிவிட்டது. தாத்தா சட்டப்படி."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றே சுரங்கத்தை மூடினார்கள். இசக்கி புருஷனுக்கு வெளியூர் வைத்தியர் வந்தார். மன்றத்தில் தனபாலர் இருந்த இடத்தில் இசக்கி உட்கார்ந்தாள்.

"எப்படியப்பா இவ்வளவு சுலபமாக மாற்றினாய்?" என்றார் ராஜா.

"அளவு சொல்கிற கழுத்து ஒன்று, சுமக்கிற கழுத்து வேறு. நான் கழுத்தை மட்டும்தான் மாற்றினேன்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கிரீடம் ஆடியது. பிடிக்கப் போன கை பாதியில் நின்றது. சிரிப்பும் நின்றது.

"மருதப்பா... என் வழுக்கை பரம்பரை வழுக்கை என்றாரே வைத்தியர்?"

மருதப்பன் சுவரில் இருந்த ராஜாவின் அப்பா படத்தைப் பார்த்தான். அவருக்கு இடுப்புவரை முடி.

"மன்றத்துக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் பிரபு."