ஏரி மணியும் குரங்கின் மெட்டும்

மருதங்காட்டு ஏரிக்கரையில் ஒரு நீர்நாயும் ஒரு குரங்கும் இருந்தன. ஏரி நிரம்பினால் தானே அடிக்கும் மணி ஒன்றை அவை கட்டியிருந்தன. அது எப்போது, எப்படி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் மரப்பொந்துக் கணினியில் நிரலாக எழுதப்பட்டிருந்தது. காட்டில் கணினி ஏது என்று கேட்காதீர்கள். பேசும் குரங்கை நம்புகிறவர்கள் இதையும் நம்பலாம்.

கரையோர வளையில் வெள்ளாயி என்ற முயல் கண் திறக்காத குட்டிகளோடு குடியிருந்தது. மணியை நம்பித்தான் அது பகலில் நிம்மதியாகத் தூங்கியது.

குரங்குக்கு மணியோசை பிடிக்கவில்லை. தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்ததாம். நிரலைப் பிரதியெடுத்துத் தன் மரத்துக்குக் கொண்டுபோய், பல நாள் உட்கார்ந்து இனிய மெட்டு ஒன்றைச் சேர்த்தது.

அதற்குள் ஏரியில் வண்டல் சேர்ந்துவிட்டது. தண்ணீர் சீக்கிரமே கரையேறும் என்பதால், மணி முன்னதாகவும் உரக்கவும் அடிக்கும்படி பொந்திலிருந்த நிரலை நீர்நாய் திருத்தியது. திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒரு பிரதி எடுத்து வைத்தது. ஏன் திருத்தினோம் என்று ஒரு வரியும் எழுதியது. அதன் வழக்கம் அப்படி.

குரங்கு தன் வேலையை முடித்துக்கொண்டு வந்து, இதைப் பார்த்துச் சிரித்தது. "உரிச்ச சட்டையை மடிச்சு வைக்கிற பாம்பு உண்டாடா?"

"அண்ணே, நான் மாத்தினதை ஒருதடவை பாத்துட்டு உங்களோடதைச் சேருங்க" என்றது நீர்நாய்.

குரங்குக்கு எங்கே பொறுமை! தன் பிரதியை அப்படியே பொந்திலிருந்ததன் மேல் போட்டுவிட்டுப் போயிற்று. நீர்நாயின் திருத்தம் இருந்த இடம் தெரியாமல் போனது.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. ஏரி கரையேறியது. மணி அடிக்கவில்லை. வளைக்குள் தண்ணீர் புகுந்த பிறகுதான் முயல் விழித்தது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. கடைசிக் குட்டியை, ஓடிவந்த குரங்குதான் சேற்றில் துழாவி எடுத்தது. அது மூச்சுவிட நெடுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் மணி மெல்ல, இனிமையாக ஒலித்தது.

"நீ ஒழுங்காத் திருத்தியிருந்தா இப்படி ஆகுமா?" என்று நீர்நாயின் மேல் பாய்ந்தது குரங்கு.

நீர்நாய் தான் எடுத்து வைத்திருந்த பிரதியைக் காட்டியது. அதில் அந்தத் திருத்தம் இருந்தது. குரங்கு போட்டதில் அது இல்லை. அழித்தது தன் கைதான் என்று குரங்குக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு நிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்துச் சேர்த்தன. ஓர் இடத்தில் மட்டும் சிக்கல். "உரக்க அடி" என்று நீர்நாய் எழுதியிருந்த அதே வரியில் "மெல்லத் தொடங்கு" என்று குரங்கு எழுதியிருந்தது. எதை வைப்பது? முயலிடமே கேட்டன.

"எனக்குத் தாலாட்டு வேணாம். எழுப்பிவிட்டாப் போதும்" என்றது முயல்.

குரங்கு உரக்க அடிக்கும் வரியை வைத்துவிட்டு, தன் மெட்டை வெள்ளம் வடிந்த பின் ஒலிக்கும்படி மாற்றியது. பிரதி எடுத்து வைத்தது. பிறகு முதல்முறையாகக் காரணத்தையும் எழுதியது: "குட்டிகள் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக."

பலர் கூடிச் செய்யும் வேலையில் அடுத்தவர் செய்ததைப் பாராமல் கைவைத்தால், நல்லெண்ணத்தோடு செய்த திருத்தமும் கேடாய் முடியும்.