கசக்காத அசமதா

“கழியில் கண்ட சேற்றிலெல்லாம் முளைக்கிறது, என் நந்தவனத்தில் மட்டும் முளைக்காதாம். போதாததற்கு இந்தக் கசப்பு வேறு. எனக்கு வைத்தியம் பார்க்கிறீரா, என்னைப் பழிவாங்குகிறீரா?”

கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் கத்தியவன் பூதவேள். எந்தக் காலமென்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆறு கடலில் கலக்கும் கழிமுக நாட்டை ஆண்டுகொண்டிருந்தான். நாட்டை ஆண்டவனுக்கு நாக்கை ஆளத் தெரியவில்லை. வீங்கிய முழங்காலோடு அவன் போட்ட கூச்சலில் அரண்மனையே தூங்காமல் கிடக்க, மந்திரி அறவாழிதான் உப்பங்கழி ஓரத்திலிருந்து அசமதா என்ற கீரையைப் பறித்து வந்து கஷாயம் வைத்துக் கொடுத்தார். கொத்தமல்லி மாதிரி இலை, ஓமம் மாதிரி வாசனை. குடித்ததும் வீக்கம் வற்றியது. வற்றியதும் குறை சொல்லத் தெம்பு வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற குலமாணிக்கருக்கு இது போதாதா? நந்தவன அதிகாரி அவர். மந்திரி பதவி மேல் நெடுநாளாக ஒரு கண். “மந்திரியார் பெரிய அறிவாளி அரசே, கசப்பில்லாமல் இங்கேயே வளர்த்துக் கொடுப்பாரே. முடியாவிட்டால் மாட்டுத் தீனியை மருந்தென்று ஊட்டினார் என்றுதானே அர்த்தம்” என்று தேன் தடவிச் சொன்னார்.

அரசன் அதையே பிடித்துக்கொண்டான். மாசி மகத்தன்று கசப்பில்லாத அசமதா சாப்பாட்டு இலையில் விழவேண்டும், இல்லையென்றால் மந்திரியின் தலை விழும். விதைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் மந்திரி பாடு. மண்வெட்டி பிடிக்கிற வேலையெல்லாம் குலமாணிக்கரின் ஆட்கள் பாடு.

அறவாழிக்கு அன்று சோறு இறங்கவில்லை. வளர்ப்பது கஷ்டமில்லை. விதையைப் புதைக்காமல் ஈர மண்ணின் மேலேயே தூவினார்; வெளிச்சம் படாவிட்டால் அது கண் திறக்காது. பாத்தி காயாமல் தண்ணீர் ஊற்றினார். முளைக்க ஏகப்பட்ட நாள் எடுத்துக்கொண்டது அந்தச் சனியன். கார்த்திகை மழையில் ஒருவழியாக நிமிர்ந்தது. மார்கழிப் பனி அதற்கு ரொம்பப் பிடித்துப்போய்த் தளதளவென்று நின்றது. ஒரு தண்டைக் கடித்துப் பார்த்தார். வேப்பங்காய் தேவலை.

கழியில் வண்டல் மூடிய தண்டு மட்டும் வெளுத்து, இளசாக, கசக்காமல் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஆக, தண்டை மூட மண் அணைக்கவேண்டும். மண்வெட்டியோ எதிரியிடம்.

நேரே குலமாணிக்கரிடம் போய்க் கைகூப்பினார். “அண்ணா, ஒரே ஒரு உதவி. தண்டில் வெயில் படாவிட்டால் என் கதை முடிந்தது. உங்கள் ஆட்கள் பாத்திப் பக்கம் மண் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”

“சேச்சே, நான் இருக்கும்போது உமக்கென்ன பயம்” என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார் குலமாணிக்கர்.

மறுநாளே வண்டி வண்டியாக மண் வந்து இறங்கியது. அறவாழி பாத்திக்கு ஓடினார். குருத்தையும் சேர்த்து மூடிவிட்டால் செடி அழுகிவிடும், தலையும் போய்விடும். ஆனால் அரசன் தினமும் மாடத்தில் நின்று பாத்தியைப் பார்ப்பவன். அவன் கண்ணுக்குப் பச்சை தெரிய வேண்டும் என்பதற்காக உச்சிக் குருத்தை மட்டும் விட்டு, தண்டு முழுக்க மண் அணைத்தார்கள். அறவாழி ஊர் பார்க்கத் தலையில் அடித்துக்கொண்டார். தினமும் தண்ணீர் மட்டும் ஊற்றினார்.

மாசி மகம் வந்தது. சபை நடுவே தலைவாழை இலை. வாசலில் வாளோடு ஒருவன். செடியைப் பிடுங்கி, கழுவி, வெள்ளைவெளேரென்ற தண்டை நறுக்கி வைத்தார்கள். அரசன் கடித்தான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

“இன்னும் கொஞ்சம் வை” என்றான் அரசன்.

குலமாணிக்கருக்குப் பொறுக்கவில்லை. “அதெப்படி அரசே, கழுத்துவரை மண் போட்டுப் புதைத்தேனே” என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதனால்தான் கசக்கவில்லை அரசே” என்றார் அறவாழி. “மண் போடுங்கள் என்றால் ஒரு கூடை போட்டிருப்பாரா? போடாதீர்கள் என்றேன். வண்டி வண்டியாகப் போட்டார்.”

அரசன் முழங்கால் வலியையும் மறந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். இனி ஆண்டுதோறும் அசமதாவுக்குக் குலமாணிக்கரே தன் கையால் மண் அணைக்க வேண்டும், ஆள் கிடையாது என்றான்.

மாலையைப் போட்ட கை கழுத்தில் பட்டதும், வெட்டு விழப்போவதுபோல் மந்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அரசனின் சிரிப்பு நின்றுவிட்டது. வாசலில் நின்ற வாள்காரனைப் போகச் சொன்னான்.

பிறகு சபையைப் பார்த்து, “அடுத்த தடவை நான் இப்படி ஒரு தலையைக் கேட்டால், யாராவது ஒருத்தர் எழுந்து வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்றான்.

எல்லோரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.