ஐந்து நட்சத்திர வீடு

சம்பந்தமூர்த்தி சொன்ன இந்தக் கதையின் மீது எனக்குப் பல வருஷமாகவே சந்தேகம் உண்டு.

கான்ட்ராக்டர் தணிகாசலம் தன் கண்ணாடி மாளிகைக்கு மின்சிக்கனத்தில் ஐந்து நட்சத்திரம் என்று சொல்லி விலையை ஏற்றியிருந்தார். சமையல்காரி அஞ்சலையை, "இந்த வீட்டுக்கு ஏசியே வேண்டாம்னு வர்றவர்கிட்ட சொல்லு. விலை குறைஞ்சா உன் வேலை போச்சு" என்று மிரட்டினார்.

சித்திரை வெயிலில் வீடு பார்க்க வந்தவர் சம்பந்தமூர்த்தி. அஞ்சலை மோர் கொடுத்தாள்.

"இந்த வீட்டுக்கு ஏசியே வேண்டாங்க" என்றவள், ஓடிக்கொண்டிருந்த ஏசியை அணைத்துவிட்டுத் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயாதானே சொன்னீங்க?"

தணிகாசலம் சட்டை தொப்பலாக நனைய, புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். வியர்வையோடு விலையும் இறங்கியது.

வீட்டை வாங்கியவர் அஞ்சலையையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

இப்போது சம்பந்தமூர்த்தியே அந்த வீட்டை விற்கிறார். அவரிடம் கடைசியில் கேட்டாயிற்று:

"வீடு பார்க்க ஆள் வர்ற அன்னைக்கெல்லாம் அஞ்சலைக்கு ஏன் சார் லீவு?"